வளையல் சத்தமும் சாம்பல் கோடுகளும்

என் கண் மங்குவதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, என் மாணவிகள். எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். பிளஸ் டூ செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குடுவையில் இருக்கும் கரைசலில் இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஏதோ ஒரு சொட்டில் மெல்லிய இளஞ்சிவப்பு வரும். அந்தச் சொட்டோடு நிறுத்திவிட வேண்டும். அன்று ஒரு பெண் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். "இன்னும் வரலையே, விடு" என்றேன். விட்டாள். "இன்னும் விடு" என்றேன். அவள் என் முகத்தையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், ரோஸ் வந்து ரொம்ப நேரமாச்சு சார்."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. "நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் போனபிறகு குடுவையை ஜன்னலோரம் கொண்டுபோய், அடியில் வெள்ளைப் பீங்கான் தகட்டை வைத்துப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

என் வலது கண் சின்ன வயதிலேயே கில்லி பட்டுப் போனது. அதில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. படித்தது, வேலைக்கு வந்தது, கல்யாணம் செய்தது எல்லாம் இடது கண்ணை நம்பித்தான். இப்போது மக்கர் செய்வது அந்த இடது கண். பத்து நாளாக விழியைத் திருப்பினால் உள்ளே ஒரு வலி இருந்தது. விடைத்தாள் திருத்திய களைப்பு என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் கவனித்துப் பார்த்தபோது இன்னும் பல விஷயங்கள் புரிந்தன. எவர்சில்வர் தட்டில் வைத்த சோறு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கையால் தடவித்தான் சாப்பிட்டேன். சிமெண்ட் படியில் இறங்கும்போது ஒரு படியும் அடுத்த படியும் ஒன்றாகத் தெரிந்தன. ஆனால் செய்தித்தாள் தலைப்பைத் தடங்கலில்லாமல் படித்தேன். பஸ் நம்பரும் தெரிந்தது. டவுனில் முதலில் பார்த்த கண் டாக்டர் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். கடைசிக்கு முந்தின வரி வரை கடகடவென்று படித்தேன். "கண்ணு நல்லாத்தானே இருக்கு சார்? லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

என் மனைவி மரகதத்துக்கு மனம் ஆறவில்லை. "நல்லா இருக்கிற கண்ணுக்கு எதுக்குங்க வலி வருது?" என்றாள். மறுநாள் எங்கள் வீடு இருந்த விளாங்குடியில் பஸ் ஏறி ஊருக்குள் இருந்த பெரிய கண் மருத்துவமனைக்குப் போனோம்.

காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே கூட்டம் தாங்காது. வெள்ளரிப்பிஞ்சுக் கூடைக்காரி முதல் வேட்டியைத் தூக்கிக் கட்டிய விவசாயச் சம்சாரிகள் வரை எல்லோரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் காதுதான் கண்ணாகிவிடும். பக்கத்தில் யார் அழுகிறார்கள், யார் முறுக்கு தின்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்தது. நான்கு அறைகள் மாறி, வெளிச்சம் அடித்துப் பார்த்து, கடைசியில் ஓர் இளம்பெண் டாக்டரிடம் வந்து சேர்ந்தோம். பொறுமையான குரல்.

"பார்வை நரம்புல வீக்கம் சார்" என்றார். கண்ணில் விழும் படத்தை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு அது. அது வீங்கினால் படம் வெளுத்துப்போய் மூளைக்கு வருகிறது. கறுப்பு எழுத்து வெள்ளை அட்டையில் இருந்தால் படித்துவிடலாம். சாம்பலுக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சாம்பலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முதலில் போகும். "நம்ம ஊர்ல பாதி உலகம் அந்தச் சாம்பல்லதான் சார் இருக்கு. படி, குழி, மாலை நேரத்து எருமை எல்லாம்" என்றார். எழுத்து அட்டையில் நான் ஏன் தேறினேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

"முழுசா போயிருமா டாக்டர்?" என்று மரகதம் கேட்டாள். நான் கேட்கப் பயந்த கேள்வி.

"பாதிப் பேருக்கு மேல தானாவே திரும்பி வரும். சிலருக்கு இன்னும் மோசமாகும். மாத்திரை குடுத்தா சீக்கிரம் வருமா, நல்லா வருமாங்கிறது எங்களுக்கே நிச்சயமாத் தெரியல. அதுக்குத்தான் இங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம்."

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மரகதம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நிதானமாக விளக்கினார். சிலருக்கு வீக்கத்தை வற்றவைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, சிலருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற அவருக்கும் தெரியாது. அந்த விவரத்தை உறையில் போட்டு ஒட்டி அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். விருப்பம் இல்லாவிட்டால் சேரவேண்டாம், வைத்தியம் நிற்காது. "சேர்ந்தவங்களை வாராவாரம் பரிசோதிப்போம். மோசமாகிட்டே போறவங்களை ஆராய்ச்சியில வைக்க மாட்டோம், உடனே..." என்று மேலும் ஏதோ சொன்னார். அந்த 'உடனே'வுக்குப் பிறகு சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் முடிவில் மந்தமான பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திவைப்போம், இல்லையென்றால் டி.சி. கொடுத்து அனுப்புவோம். பிளஸ் டூவில் பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையக்கூடாது அல்லவா? அந்தப் பட்டியல் தயார் செய்யும் மூன்று பேரில் நானும் ஒருவன். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மண்டைக்குள் ஒன்றுதான் ஓடியது. மருந்துக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்பதற்காகத் தேறாதவர்களைக் கழித்துவிடுவார்கள். நாங்கள் செய்வதைத்தானே எல்லோரும் செய்வார்கள் என்று நினைத்தேன். ஆராய்ச்சி என்ற பயத்தில் டாக்டர் சொன்னதைச் சரியாகக் கேட்காத மரகதத்திடமும் அதையே சொல்லிவிட்டு, எப்படியும் தேறிவிடலாம் என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பரிசோதனை இப்படி. டாக்டரிடம் ஒரு தடித்த உறை. அதற்குள் ஓர் அட்டை. அட்டையில் சாம்பல் கோடுகள் வரிவரியாக இருக்கும். மேலே கோடு இருப்பதே தெரியாது, கீழே வர வர அழுத்தமாகும். வலது கண்ணைக் கட்டிவிட்டு, டாக்டர் அட்டையை உறையிலிருந்து மெதுவாக வெளியே இழுப்பார். எந்த இடத்தில் கோடு கண்ணில் படுகிறதோ அங்கே "தெரியுது" என்று சொல்லவேண்டும். ஓரத்தில் ஒன்று முதல் இருபது வரை எண்கள். நல்ல கண்ணுக்கு ஐந்து, ஆறுக்குள் தெரிந்துவிடும். எண் ஏற ஏறப் பார்வை மோசம். முதல் நாள் நான் பதினான்கில் சொன்னேன்.

எனக்கு முன்னால் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர் சோணை, காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து பேச்சுக் கொடுத்து என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிட ஆரம்பித்தவர். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். என்னைவிட நாலைந்து வயது குறைவு. அட்டை முழுவதும் வெளியே வந்தபிறகும் அவர் சத்தமாக, "தெரியல தாயி" என்றார். கடைசி பெஞ்சுப் பையனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தேன். தெரியாததை இம்புட்டுச் சத்தமாகச் சொல்வார்களா என்று நினைத்தேன்.

வெள்ளை மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தோம். வேதியியல் வாத்தியார் அல்லவா, முதல் மாத்திரையை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தேன். சாக்பீஸ் மாதிரி இருந்தது. எல்லா மாத்திரையும் அப்படித்தானே இருக்கும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வாரம் கண் இன்னும் மங்கியது. காலையில் எழுந்ததும் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பேன். சனிக்கிழமை தெரிந்த தேதிக் கட்டங்கள் திங்கட்கிழமை தெரியவில்லை. மரகதத்திடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. படிகளின் விளிம்பில் சுண்ணாம்பால் பட்டையாகக் கோடு போட்டிருந்தாள். எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்துவிட்டு, மீன் குழம்பு வைக்கும் கறுப்பு மண்சட்டியில் சோறு போட்டுத் தந்தாள். கறுப்பில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரிந்தது.

இரண்டாம் வாரம். சோணை எங்களுக்கு முன்னால் போனார். மறுபடி "தெரியல தாயி". டாக்டர் நர்சைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, நர்ஸ் அவரைக் கையைப் பிடித்து உள்பக்கக் கதவு வழியாக அழைத்துப்போனாள். அவர் திரும்பி வரவில்லை. மரகதம் என் காதோரம் குனிந்து, "கழிச்சுட்டாகளோ?" என்றாள். அடுத்தது என் பெயர்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குத் துணையாக மரகதம் பின்னால் நின்றாள். டாக்டர் அட்டையை இழுக்க ஆரம்பித்தார். எனக்கு முன்னால் ஒரு வெற்று அட்டை. அப்போது என் தோளுக்குப் பின்னால் கண்ணாடி வளையல்கள் லேசாகக் குலுங்கின.

அவளுக்கு நல்ல கண். அவள் நின்ற இடத்திலிருந்து அட்டை நன்றாகத் தெரியும். அந்தக் குலுங்கல் தற்செயலா, சைகையா? எனக்குச் சந்தேகமே வரவில்லை. இருபது வருடம் தேர்வறையில் கண்காணிப்பாளராக நின்றவன் நான். தொண்டையைச் செருமுவது, பேனாவைத் தட்டுவது, செருப்பைத் தேய்ப்பது என்று எல்லா வகைச் சத்தத்தையும் கையும் களவுமாகப் பிடித்தவன். உடனே, "தெரியுது டாக்டர்" என்றேன்.

"ஒன்பது! நல்ல முன்னேற்றம் சார்" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வாரமும் அதே வளையல் சத்தம். இந்த முறை ஆறு. டாக்டரின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "இனிமே வாராவாரம் வரவேண்டாம் சார். ஒரு மாசம் கழிச்சு வாங்க. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிடலாம்" என்றார். முதல் மாணவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, படி தெரியாமல் மனைவியின் கையைப் பிடித்து இறங்கினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. தினமும் ஒரு பொருள் என்னிடமிருந்து போனது. முதலில் விடைத்தாளில் பென்சிலால் போட்ட படங்கள் போயின. பிறகு மரகதத்தின் முகத்தில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிட்டன. மூக்குத்தி மட்டும் மினுங்கும். அதை வைத்து அவள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று கண்டுபிடிப்பேன். ஒருநாள் பள்ளியிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது, திண்டுக்கல் ரோட்டில் போடுவதற்காகக் கிடந்த சிமெண்ட் குழாயில் நேராகப் போய் மோதினேன். ஆள் உயரக் குழாய். ரோட்டின் நிறமும் அதன் நிறமும் எனக்கு ஒன்றாக இருந்தன. கையில் சிராய்ப்போடு உட்கார்ந்தபடி, ஒரு மாசம் எப்போது முடியும் என்று கணக்குப் போட்டேன். இன்னும் பதினெட்டு நாள்; முன்கூட்டியே போனால் என் பொய் வெளியாகிக் கழித்துவிடுவார்கள். அதற்குள் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

மரகதத்தின் தம்பி பாண்டி மறுநாள் என்னைப் பள்ளிக்கு லீவு சொல்ல அழைத்துப் போனான். திரும்பும் வழியில் சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றோம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"வாத்தியாரே! அட, இங்கிட்டுப் பாருங்க!"

வெற்றிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் ரோட்டைக் கடந்து வந்தார். கிட்டத்தில் வந்து பேசிய பிறகுதான் சோணை என்று தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த என்னையே மங்கலாகத்தான் பார்த்தவர், ரோட்டுக்கு அப்பாலிருந்து என்னைக் கண்டுபிடித்திருந்தார்.

"உங்களைத்தான் வெளிய அனுப்பிட்டாகளே?" என்றேன்.

"யாரு அனுப்புனா? தெரியல தெரியலன்னு சொன்னேன்ல, அந்தம்மா உடனே உள்ள படுக்க வச்சிட்டாக. மாத்திரையெல்லாம் வேணாம்னுட்டு தெனம் ஊசி. மோசமாப் போறவுகளுக்குத்தேன் அந்த ஊசியாம். போன வாரந்தேன் வீட்டுக்குப் போகச் சொன்னாக. முழுசா வரல, ஆனா அம்புட்டும் தெரியுது. உங்களுக்கு எப்படி வாத்தியாரே? நல்லா இருக்கியளா?"

பாண்டி, "என்ன மச்சான், வேர்க்குது?" என்று என் தோளைப் பிடித்தான். "ஒண்ணுமில்ல மாப்ள, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

வீட்டில் மரகதத்திடம் சோணை சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள், குழவியை விட்டுவிட்டாள்.

"உங்களையும் கழிச்சுருவாகளோன்னு பயந்துதேங்க செஞ்சேன்" என்றாள். "நானே உங்க கண்ணைக் கெடுத்துப்புட்டேனே."

"நீ வளையலைத்தான் ஆட்டுனே. 'தெரியுது'ன்னு சொன்னது நான்தானே" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் நிறுத்திவைத்த பிள்ளைகளின் முகங்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. தெரியவில்லை என்று சொன்னதற்காகத்தான் அவர்களை அனுப்பினோம். சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களை வெளியே தள்ளிவிட்டு, தேர்ச்சி விகிதத்தைப் பெருமையாகப் பலகையில் எழுதியிருக்கிறோம்.

மறுநாள் காலையில் சீட்டு இல்லாமலே டாக்டரின் அறை வாசலில் போய் நின்றோம். உள்ளே கூப்பிட்டார். உட்காராமலே சொன்னேன்.

"டாக்டர், நான் காப்பி அடிச்சுட்டேன்."

"என்ன சார்?"

"பரீட்சையில. ரெண்டு தடவை."

எல்லாவற்றையும் சொன்னேன். வளையலைப் பற்றிச் சொல்லும்போது மரகதம் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடும் சத்தம் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"உங்க கண்ணு ஒரு பக்கம் இருக்கட்டும் சார்" என்றார் கடைசியில். "உங்க நம்பரை நம்பி, இந்த மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு எழுதியிருப்பேன். அதைப் படிச்சுட்டு எந்த ஊர்லயோ ஒரு டாக்டர் யாருக்கோ குடுப்பாரு. அந்தாளுக்குக் கண்ணு போனா?"

அவர் என் பதிவேட்டைத் திறந்து, அந்த இரண்டு எண்களின் மேலும் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். கறுப்பையும் நீலத்தையும் பிரிக்க முடியாத எனக்கு அந்தச் சிவப்பு எப்படித் தெரிந்ததோ, தெரிந்தது. எத்தனையோ பிள்ளைகளின் தாளில் நான் போட்ட கோடு அது.

உடனே பரிசோதனை நடந்தது. மரகதம் வெளியே. அட்டை வந்துகொண்டே இருந்தது. பதினெட்டில்தான் கோடு தெரிந்தது. அன்றே என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து வார்டில் சேர்த்தார்கள். அலுவலகத்திலிருந்து என் உறையைக் கொண்டுவந்து பிரித்தார்கள். நான் தின்றது வெறும் மாத்திரை. சாக்பீஸ் என்று என் நாக்கு சொன்னது சரிதான். அதைத் தின்றுதான் பதினான்கிலிருந்து ஆறுக்கு வந்த முதல் மாணவனாக இருந்திருக்கிறேன்.

வார்டில் பத்து நாள் ஊசி. ஸ்டீராய்டு ஏறியதும் பசி பேயாகப் பிடித்தது, தூக்கம் ஓடிவிட்டது, முகம் பூசணிக்காயாக வீங்கியது. பாண்டி சாயங்காலம் வந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை வாசிப்பான். தப்புத் தப்பாக வாசித்தாலும் நான் திருத்தவில்லை. மரகதம் மண்சட்டியைத் துணிப்பையில் சுமந்துகொண்டு தினமும் விளாங்குடியிலிருந்து வந்தாள். ஐந்தாம் நாள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் மழைமேகம் ஒன்று தனியாகத் தெரிந்தது. மேகமா, என் கண்ணின் சேட்டையா என்று நம்ப முடியாமல் நர்சைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மேகம்தான் சார், துணியெல்லாம் மாடில காயுது" என்று அவள் ஓடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஊசியாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியல சார். தானாவும் வந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும்" என்றார். ஒரு டாக்டர் இவ்வளவு சாதாரணமாகத் 'தெரியல' என்று சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு அனுப்பிய ஆறு வாரம் கழித்து மறுபடி போனோம். மரகதம் தானாகவே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே கண்ணைக் கட்டினார்கள். அட்டை மெதுவாக வெளியே வர ஆரம்பித்தது. ஐந்து, ஆறு போயிருக்கும். வெளியே பெஞ்சில் அவள் பையை மாற்றிவைத்திருப்பாள் போல, வளையல் குலுங்கியது. என் நாக்கு நுனி வரை 'தெரியுது' வந்துவிட்டது.

"தெரியல டாக்டர்" என்றேன்.

அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். வெற்று அட்டை, வெற்று அட்டை, பிறகு தண்ணீரில் கரைத்த மாதிரி ஒரு கோடு, பக்கத்தில் இன்னொன்று.

"இப்பத் தெரியுது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

வெளியே வந்தேன். மரகதம் எழுந்து நின்றாள். அவள் மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"எம்புட்டுங்க?"

"பதினொண்ணு."

"முன்ன ஆறுன்னு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். விரலை மடக்கி எண்ணினாள். "பதினெட்டுல இருந்து பதினொண்ணு. ஏழு குறைஞ்சிருக்குங்க" என்றாள். அதையே இன்னொரு தரம் சொன்னாள். முந்தானையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்தபோது, அந்தத் தாழ்வாரத்தில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி வளையல்கள் குலுங்கின.